ஜப்பான் மண்ணும் ஜப்பான் மருந்தும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. அம்முகத்திலேயே கத்தி வைத்துச் சீர் செய்யும் கலை நம் முன்னோர் நாட்டில் தோன்றியது என்பதும் மேடைதோறும் நாம் கேட்டுவரும் செய்தி. எங்கள் தோட்டப் பள்ளியின் அறிவியல் விழாவுக்கு நானும் அவ்வாறே ஓர் அட்டை எழுதி மாட்டினேன். ‘முகச் சீரமைப்பு அறுவை மருத்துவம் உலகுக்கு இந்தியா அளித்த கொடை’ என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது.

விழாவுக்கு வந்தவர்களுள், பேராக் தோட்டங்களில் பல்லாண்டுக் காலம் டிரசராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் இருந்தார். அவர் அட்டையை மெல்லப் படித்துவிட்டு, “வாத்தியாரையா, தோலை எடுத்து ஒட்டினார்கள், சரி. இரத்தத்தை எப்படி நிறுத்தினார்கள்?” என்று கேட்டார். நான் விழித்தேன். “வெட்டுவதும் தைப்பதும் பெரிதில்லை ஐயா. தைத்த பிறகு இராத்திரி முழுக்கக் கசியாமல் இருக்க வேண்டும். வேலை அங்கேதான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்.

அவர் வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. தேடத் தேட, நான் எழுதிய அட்டை பொய்யன்று, ஆயினும் பாதிதான் என்பது விளங்கிற்று. மறுபாதி, கத்தியின் வரலாறு அன்று. குருதியைக் கட்டும் மருந்தின் வரலாறு.

மூக்கும் மானமும்

முக அறுவை மருத்துவம் ஏன் மூக்கில் தொடங்கிற்று? மூக்கறுத்தல் நம் நாட்டில் தண்டனையாகவும் பழிவாங்கலாகவும் இருந்தது. இன்றும் அவமானப்பட்டவனை ‘மூக்கறுபட்டான்’ என்றே சொல்கிறோம். இது வெறும் உவமை அன்று. 1650-களில் மதுரைத் திருமலை நாயக்கருக்கும் மைசூர் அரசர் கண்டீரவ நரசராசருக்கும் நடந்த போருக்கு ‘மூக்கறு போர்’ என்றே பெயர். மைசூர்ப் படையினர் வழியில் அகப்பட்டவர்களின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்து மூட்டை கட்டி அனுப்பினர். இராமநாதபுரத்துச் சேதுபதி துணை வந்தபின் மதுரைப் படை திருப்பித் தாக்கி அதே செயலை மைசூரார்க்குச் செய்தது. அந்நாளில் மதுரை நாட்டிலிருந்த ஏசு சபைப் பாதிரிமார் கடிதங்கள் இக்கொடுமையைக் கூறுகின்றன.

மூக்கிழந்தவன் உயிர் பிழைப்பான். ஊரார் முன் நடமாட மாட்டான். ஆகவே போன மூக்கைத் திரும்பப் பெறுவது அழகு தேடும் செயலாக இல்லை; மானம் மீட்கும் செயலாக இருந்தது. தேவை மிக்க இடத்தில் கலையும் வளர்ந்தது.

பழைய நூல்கள் கூறுவன

சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூல் பல நூற்றாண்டுக் காலத்தில் திரண்டு உருப்பெற்றது. அதன் காலத்தை ஓராண்டில் நிறுத்திக் கூற இயலாது. அந்நூலின் சூத்திரத் தானத்தில் பதினாறாம் இயல், அறுந்த காதையும் மூக்கையும் உதட்டையும் ஒட்டும் முறையைக் கூறுகிறது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி எடுத்து, அவ்வளவில் கன்னத்துத் தசையை ஒரு பக்கம் விடாமல் அறுத்து, மூக்கு இருந்த இடத்தைக் கீறிப் புண்ணாக்கி அதில் பொருத்திக் கட்ட வேண்டும். மூச்சு விட இரு குழல்கள் செருக வேண்டும் என்பது அதன் சாரம்.

இதுவரை எல்லாரும் சொல்வர். அதற்கு அடுத்த செய்தியைத்தான் நாம் படிப்பதில்லை. பொருத்திய இடத்தின் மேல் மூன்று பொருள்களைப் பொடித்துத் தூவுமாறு நூல் பணிக்கிறது. ஒன்று பதங்கம் என்னும் சாயமரம். மலாய்க்காரர் இதனைச் செப்பாங் மரம் என்பர். மற்றொன்று அதிமதுரம். மூன்றாவது அஞ்சனம், இதனை மரமஞ்சளிலிருந்து எடுக்கும் இரசாஞ்சனம் என்று கொள்வாரும் உளர். பொடி தூவியபின் வெண்பஞ்சால் மூடி, நல்லெண்ணெயை அவ்வப்போது தெளித்து வரவேண்டும். முக அறுவைக்குப் பிறகு இடும் மருந்து பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் இஃதொன்று.

அதே நூலின் பதினான்காம் இயல் குருதியை நிறுத்த நான்கு வழிகளை வகுக்கிறது. துவர்ப்புப் பொருளால் புண்ணின் வாயைக் கூட்டுதல் முதலாவது. குளிர்ச்சியால் குருதியைத் தடிக்கச் செய்தல் இரண்டாவது. சாம்பலால் புண்ணை உலர்த்துதல் மூன்றாவது. சூட்டுக்கோலால் நாளத்தைச் சுருக்குதல் நான்காவது. எளியது பயன்படாத இடத்திலேயே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். சுடுவது கடைசி வழி. இவ்வரிசை எண்ணத்தக்கது. இன்றைய அறுவைக் கூடத்தில் அழுத்திப் பிடித்தலும், நாளத்தைச் சுருக்கும் மருந்தும், மின்சூட்டுக் கோலும் இருக்கின்றன. கருவிகள் மாறியுள்ளன, எண்ணத்தின் வரிசை பெரிதும் மாறவில்லை.

நம் தமிழ் நூல்களிலும் புண்ணாற்றும் செய்திகள் உண்டு. பதிற்றுப்பத்தில் செங்குட்டுவனைப் பாடிய பரணர், வீரரின் மார்புப் புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைக் குறிக்கிறார். குளத்து நீரில் மூழ்கி எழும் சிரல் பறவையை அவ்வூசிக்கு உவமை ஆக்குகிறார். ஊசி குருதியில் மறைந்து வெளிப்படுவதை அருகிருந்து கண்டவர் அல்லது கண்டார்வாய்க் கேட்டவர்க்கே இவ்வுவமை தோன்றும். புண்ணைத் தைத்தனர் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் தைத்தபின் என்ன மருந்திட்டனர் என்று அப்பாட்டு கூறவில்லை. கூறாததை நாம் கூட்டிச் சொல்லுதல் பரணருக்குச் செய்யும் சிறப்பு ஆகாது.

பூனாவுக்கு அருகே ஒரு தொழிலாளி

நூலில் உள்ள கலை மக்கள் கையில் வாழ்ந்ததா? வாழ்ந்தது என்பதற்கு 1794-ஆம் ஆண்டுச் சான்று உண்டு. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர் காவாசி என்னும் மராட்டியர். அவர் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி இருந்த அவருக்குப் பூனாவுக்கு அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு அமைத்தார். ஆங்கில மருத்துவர் இருவர் அதை நேரில் கண்டனர். சேம்சு வேல்சு என்னும் ஓவியர் காவாசியின் முகத்தை வரைந்தார். செய்தி 1794-இல் சென்னையில் அச்சான இதழிலும், அவ்வாண்டு அக்டோபரில் இலண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மாகசின்’ இதழிலும் வெளிவந்தது.

இலண்டன் இதழின் கடிதம் செய்முறையைத் தெளிவாகக் கூறுகிறது. மெழுகுத் தகட்டை மூக்கு வடிவில் வெட்டி, அதனை நெற்றியில் விரித்து வைத்துக் கோடு இடுகின்றனர். அக்கோட்டின்படி தோலை உரித்து, இரு கண்களுக்கு நடுவே சிறு பகுதியை மட்டும் அறுக்காமல் விடுகின்றனர். அதன் வழியாகவே தோலுக்குக் குருதி ஓடுகிறது. தோலைத் திருப்பிக் கீழே இறக்கி மூக்கின் இடத்தில் பொருத்துகின்றனர். சங்கிதையில் கன்னத்துத் தோல். இங்கே நெற்றித் தோல். இடைக்காலத்தில் கலைஞர் தம் அனுபவத்தால் முறையை மாற்றிக்கொண்டனர் என்பது இதனால் பெறப்படும்.

இனி மருந்துக்கு வருவோம். பொருத்திய இடத்தின் மேல் ‘டெர்ரா ஜப்போனிக்கா’ என்ற பொருளைத் தண்ணீரில் குழைத்துத் துணிக் கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினர். நான்கு நாள் வரை வேறு கட்டு இல்லை. பின்னர் நெய்யில் தோய்த்த துணி. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள் இணைப்புத் தோலை அறுத்தனர் என்று கடிதம் சொல்கிறது.

‘டெர்ரா ஜப்போனிக்கா’ என்றால் ஜப்பான் மண் என்று பொருள். ஆனால் அது மண்ணும் அன்று. ஜப்பானிலிருந்து வந்ததும் அன்று! ஐரோப்பிய வணிகர் அறியாமல் இட்ட பெயர் அது. கருங்காலி மரத்தின் வயிரத்தைக் காய்ச்சி எடுக்கும் காசுக்கட்டிக்கும், காம்பிர்ச் செடியின் இலையைக் காய்ச்சி எடுக்கும் கத்தக்காம்புக்கும் அப்பெயர் வழங்கிற்று. நம் பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியில் பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் பக்கத்தில் இருந்ததே, அதே கத்தக்காம்புதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரிலும் ரியாவிலும் சீனர்கள் இதனைப் பெருந்தோட்டங்களாகப் பயிரிட்டுத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பினர். தோலைப் பதனிடுவதும் நாவில் துவர்ப்பதும் புண்ணின் மேற்பரப்பைச் சுருக்குவதும் அதிலுள்ள ஒரே பொருள், டானின் என்பர்.

கடிதம் எழுதியவர் அதனை ஒட்டும் பசையாக மட்டுமே கருதினார். நாமோ அதன் துவர்ப்பையும் எண்ணிப் பார்க்கலாம். சங்கிதை முதல் வழியாக வைத்த துவர்ப்பு, பெயர் அறியாத ஒரு செங்கல் தொழிலாளியின் கையில் 1790-களிலும் இருந்தது. டிரசர் பெரியவரின் வினாவுக்கு முதல் விடை இதுவே: துவர்ப்பால் கட்டினார்கள்.

ஐரோப்பா சென்ற கலையும் அங்கே பிறந்த புதுச் சிக்கலும்

அக்கடிதத்தைப் படித்தவர்களுள் ஜோசப் கார்ப்பியூ என்னும் இலண்டன் அறுவை மருத்துவர் ஒருவர். அவர் பல ஆண்டு ஆராய்ந்து, பிணங்களின்மேல் பழகி, 1814 அக்டோபர் 23-இல் ஒரு படைத் தலைவருக்கு இந்திய முறையில் மூக்கமைத்தார். 1816-இல் அதை நூலாக வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பா எங்கும் இக்கலை பரவிற்று.

1901-இல் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. பெர்லினில் ஓய்கென் ஹோலண்டர் என்னும் மருத்துவர், ஒரு போலந்துச் சீமாட்டியின் வேண்டுகோளுக்கிணங்கிக் காதோரத்துத் தோலைச் சிறிது அறுத்தெடுத்துக் கன்னச் சுருக்கத்தை இழுத்துத் தைத்ததாகப் பின்னாளில் எழுதினார். தொங்கும் முகத் தோலை ஏற்றித் தைக்கும் அறுவை இவ்வாறு தொடங்கியது. மூக்கிழந்தவர்க்குச் செய்த கலை, முதுமையை மறைக்க விரும்புவோர்க்கும் உரியதாயிற்று. இதனை ஆடம்பரம் என்று இகழ்வார் உண்டு. தீக்காயத்தாலும் விபத்தாலும் நோயாலும் முகம் கோணியவர்க்கும் இதே முறைகள் உதவுவதால், நாம் அந்த வாதத்தில் இறங்காது குருதியைப் பின்தொடர்வோம்.

பின்னாளில் இவ்வறுவை பெரிதாக வளர்ந்தது. இன்று காதோரம் தொடங்கிக் கழுத்து வரை தோலை அடித்திசுவிலிருந்து பிரித்துத் தூக்கி, இறுக்கி, மிகுதியை வெட்டித் தைக்கின்றனர். காவாசிக்குச் செய்த அறுவையில் நெற்றிப் புண் திறந்திருந்தது, கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், துணியால் அழுத்தலாம். இதிலோ பரந்த புண் முழுவதும் தோலுக்கு அடியில் மூடிக் கிடக்கிறது. அங்கே கசியும் குருதி வெளியே வர வழியின்றித் தேங்கி இரத்தக் கட்டாகிறது. கட்டுப் பெருத்தால் மேல்தோலுக்கு ஓடும் குருதி தடைப்பட்டுத் தோல் செத்துப் போகும். கழுத்தில் பெருத்தால் மூச்சுக் குழலை நெருக்கும். முகம் தூக்கும் அறுவையின் இடர்களுள் அடிக்கடி நேர்வது இதுவே. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினும், நூற்றுக்கு ஒருவர் முதல் எட்டுப் பேர் வரை என்று பொதுவாகக் கூறுவர். தாடி வளரும் தோலில் குருதியோட்டம் மிகுதியாதலால் ஆண்களுக்குக் கூடுதல். பெரும்பாலும் முதல் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நிகழும். பெரியவர் சொன்ன ‘இராத்திரி முழுக்க’ என்பது எவ்வளவு சரியான சொல்!

அறுக்கும்போது நின்ற குருதி இரவில் கசிவது ஏன்? காரணங்கள் பல. 1901-இல் ஜப்பானியரான தாக்காமினே ஜோக்கிச்சி, ஆட்ரினலினைப் பிரித்தெடுத்த செய்தியை உலகுக்கு அறிவித்தார். உணர்வு மரக்கும் மருந்துடன் அதைக் கலந்து தோலடியில் செலுத்தினால் நாளங்கள் சுருங்கிப் புண் வெளுத்துத் தெளிவாகத் தெரியும். சில மணி நேரத்தில் அதன் ஆற்றல் குறைந்ததும் சுருங்கிய நாளங்கள் மீண்டும் விரியும். மயக்கம் தெளிந்தவுடன் வலியாலும் வாந்தியாலும் இருமலாலும் இரத்த அழுத்தம் ஏறும். ஆகவே அழுத்தத்தைத் தணிக்கும் மருந்து, வாந்தியை அடக்கும் மருந்து, வலி நீக்கும் மருந்து ஆகியவை குருதி காக்கும் மருந்துகளாகவே கருதப்படுகின்றன. அழுத்தத்தைத் தணிக்க குளோனிடின் என்ற மருந்து பல இடங்களில் பயன்பட்டு வருகிறது. ஆயினும் இன்னொரு காரணம் நெடுநாள் மறைந்து கிடந்தது.

உறைந்தது கரைவதேன்?

ரப்பர் நாட்டில் வளர்ந்த நமக்கு இதனை விளக்குவது எளிது. விடியலில் சீவிய கோட்டிலிருந்து பால் வடியும். சில மணி நேரத்தில் உறைந்து தானே நின்றுவிடும். மறுமுறை பால் வெட்ட வருபவர், கோட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுத்துவிட்டே புதிதாகச் சீவுவார். உரித்துச் சீவினால் மீண்டும் பால் வடியும். நம் உடலிலும் குருதி உறைந்து புண்ணின் வாயை அடைக்கிறது. அவ்வடைப்பு ஃபைப்ரின் என்னும் நுண்ணிய இழைகளால் ஆன வலை. அந்த வலையை உரிக்கும் ஆளும் நம் குருதியிலேயே இருக்கிறான். அவன் பெயர் பிளாஸ்மின். நாளங்களில் வேண்டாத உறைவு தங்காமல் காப்பதே அவன் கடமை. அறுவைக்குப் பின் அவன் அவசரப்பட்டால், நின்ற கசிவு மறுபடியும் தொடங்கும்.

உறைவின் வலை இல்லாமற்போனால் என்னாகும் என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று நம் மலாயாவில் நடந்தது. பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், ரப்பர்த் தோட்டத்துச் சருகுகளுக்கிடையே அசையாமல் கிடக்கும் மலாயாக் குழிவிரியன் கடித்த நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்கள் குருதி பல நாள் உறையாதிருப்பதைக் கண்டு 1963-இல் தம் துணைவர்களோடு எழுதினார். அந்த நஞ்சு ஃபைப்ரினுக்கு மூலமான பொருளையே தீர்த்துவிடுகிறது. பின்னர் அந்நஞ்சிலிருந்து, குருதி உறைவைத் தடுக்கும் மருந்து ஒன்றும் செய்யப்பட்டது. பினாங்கில் உறைவைக் குலைக்கும் பொருளை ஆராய்ந்த அதே காலத்தில், ஜப்பானில் ஒரு பெண்மணி உறைவைக் காக்கும் பொருளைத் தேடிக் கண்டிருந்தார்.

ஒக்காமோட்டோ அம்மையார்

ஒக்காமோட்டோ உத்தாக்கோ 1918-இல் பிறந்தவர். போரில் தோற்று வறுமையுற்ற ஜப்பானில், கணவர் ஷோசுக்கேயுடன் சேர்ந்து ஆய்வு தொடங்கினார். ஆய்வுக்குப் பணம் இல்லை. குருதியை ஆராய்வோம், போதாவிட்டால் நம் குருதியையே எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் துணிந்தார்களாம். கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் முதுகில் கட்டிக்கொண்டு அவர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ததும் உண்டு. மாநாட்டு மேடையில் கட்டுரை படிக்க எழுந்தபோது, நடனம் ஆடப் போகிறாயா என்று ஆடவர் சிலர் ஏளனம் செய்தனர் என்பதையும் அவரே முதுமையில் நினைவு கூர்ந்தார்.

பிள்ளைப்பேற்றில் குருதி நில்லாமல் தாய்மார் இறப்பதைத் தடுக்க ஒரு மருந்து வேண்டும் என்பது அவ்விருவரின் நோக்கம். பிளாஸ்மின் ஃபைப்ரின் வலையில் லைசின் என்ற அமினோ அமிலம் உள்ள இடத்தைப் பற்றிக்கொண்டே அதை அறுக்கும். லைசினைப் போன்ற வடிவில் ஒரு பொய்ப்பொருளைத் தந்தால், அவன் கை அப்பொய்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும், வலை தப்பும். முதலில் எப்சிலான் அமினோ கப்ராயிக் அமிலத்தை இதற்கென ஆராய்ந்தனர். அதைவிட ஆற்றல் மிக்கதைத் தேடி, 1962-இல் கெய்யோ மருத்துவ இதழில் புதிய பொருளை அறிவித்தனர். அதுவே இன்று டிரானெக்சாமிக் அமிலம் எனப்படுவது.

மருந்து கிடைத்தது, ஆனால் அதைத் தாய்மாருக்குக் கொடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வுக்கு உள்ளூர் மகப்பேற்று மருத்துவர்களை இணங்கவைக்க அம்மையாரால் இயலவில்லை. மருந்து பல் அறுவைக்கும் மாதவிடாய்ப் பெருக்குக்கும் இதய அறுவைக்கும் போயிற்று. 2010-இல்தான், விபத்தில் அடிபட்ட 20,000-க்கு மேற்பட்டோரிடம் நாற்பது நாடுகளில் நடந்த ஆய்வு, இம்மருந்து பெற்றோருள் இறப்பு நூற்றுக்கு 14.5 என்றும் பெறாதவருள் 16 என்றும் காட்டியது. அடுத்து 21 நாடுகளில் ஏறத்தாழ 20,000 தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2017 ஏப்ரலில் வெளிவந்தது. குருதிப்போக்கால் இறந்த தாய்மார், மருந்து பெற்றவருள் 155 பேர். பெறாதவருள் 191 பேர். மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால் பயன் இன்னும் மிகுதி. அவ்வாண்டே உலக நல நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது. ஒக்காமோட்டோ அம்மையார் 2016 ஏப்ரலில் 98-ஆம் வயதில் காலமானார். முடிவு வெளிவந்ததைக் காண அவர் இல்லை.

இவ்விடத்தில் என் குடும்பச் செய்தி ஒன்றைச் சொல்வதற்கு வாசகர் பொறுத்தருள்க. என் பாட்டியைப் பெற்றவர், பேராக் தோட்டத்து லயம் ஒன்றில் பிள்ளை பெற்ற இரவில் குருதி நில்லாமல் இறந்தவர். பாட்டிக்குத் தாய்முகம் தெரியாது. அந்த 155-க்கும் 191-க்கும் உள்ள வேறுபாடு முப்பத்தாறு. கணக்குப் பாடம் நடத்தும் எனக்கு அது சிறிய எண். என் பாட்டியின் பேரனாகிய எனக்கு அது முப்பத்தாறு வீடு.

முகத்திற்கு வந்த மருந்து

தாய்மாருக்கெனப் பிறந்த மருந்து கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முகம் தூக்கும் அறுவைக்கும் வந்து சேர்ந்தது. மருத்துவர் சிலர் இதனை நரம்பு வழியே செலுத்துகின்றனர். சிலர் மரப்பு மருந்துடன் கலந்து தோலடியில் இடுகின்றனர். சிலர் துணியில் நனைத்துப் புண்ணின்மேல் வைக்கின்றனர். கசிவும் கன்றிப்போதலும் குறைகின்றன, குருதியை அடக்கச் செலவாகும் நேரம் மிச்சமாகிறது என்று ஆய்வுகள் பல கூறுகின்றன. ஆனால் உடனே திறந்து எடுக்க வேண்டிய பெரிய இரத்தக் கட்டுகளை இது எவ்வளவு குறைக்கும் என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒருமித்து நிற்கவில்லை. அது அரிதாக நேர்வதாகையால், சிறு ஆய்வுகளில் வேறுபாடு தெளிவாகப் புலப்படாது. இரத்த அழுத்தத்தை அடக்குவதும் கண் விழித்துப் பார்த்திருப்பதும் இன்றும் முதலிடம் பெறுகின்றன.

மருந்து கொடுப்பது போலவே மருந்து நிறுத்துவதும் இங்கே மருத்துவமாகும். ஆஸ்பிரின் குருதித் தட்டுகளை ஒட்டாமல் செய்யும். அதன் விளைவு ஒரு வாரத்திற்கு மேலும் தங்கும். மீனெண்ணெய், பூண்டு மாத்திரை, ஜின்செங், கிங்கோ ஆகியவற்றையும் மருத்துவர் வினவுவர். நாட்டு மருந்துதானே என்று நம்மவர் சொல்லாமல் விடுவதுண்டு. அது பெரும்பிழை. அதேபோல், இதய நோய்க்கு ஆஸ்பிரின் உண்பவர் தாமே அதை நிறுத்துவதும் பெரும்பிழை. டிரானெக்சாமிக் அமிலமும் எல்லார்க்கும் ஏற்றதன்று. நாளங்களில் குருதி உறைந்து துன்புற்றவர்க்கு அது ஆகாது. எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்பதை உரிமம் பெற்ற மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அட்டையில் எழுத வேண்டியது

இனி என் அட்டைக்கு வருகிறேன். சங்கிதைக்காரர் குருதி வெளியே ஓடுவதைக் கண்டார். அதற்குத் துவர்ப்பு முதல் சூட்டுக்கோல் வரை வரிசைப்பட விடை கண்டார். உறைந்த வலை கரைவதை அவர் அறியார். அறியாமை குற்றமன்று, அதைக் காட்டும் கருவியும் வேதியியலும் அவர் காலத்தில் இல்லை. மூடிய புண் என்ற சிக்கலும் அன்று எழவில்லை. ‘டிரானெக்சாமிக் அமிலமும் நம் நூலில் உண்டு’ என்று நாளை ஒருவர் மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அம்முழக்கம் இரண்டு பேருக்கு அநீதி செய்யும். முதுகில் குழந்தையுடன் உழைத்த அம்மையாரின் உழைப்பை அது பறிக்கும். உண்மையில் செய்த அருஞ்செயலைப் போதாதென்று சொல்லாமல் சொல்லி, அந்தச் செங்கல் தொழிலாளியையும் அது தாழ்த்தும்.

இன்னொன்றும் கருதுக. காவாசியின் பெயர் நமக்குக் கிடைத்தது. கண்ட மருத்துவர், வரைந்த ஓவியர் பெயர்களும் கிடைத்தன. மூக்கமைத்தவர் பெயரை அக்கடிதம் குறிக்கவில்லை. அவர் தம் கலையை எழுதி வைக்கவில்லை; கையிலிருந்து கைக்குப் போய், கை ஓய்ந்தபோது கலையும் ஓய்ந்தது. ஒக்காமோட்டோ எழுதி வைத்தார். ஆகவேதான் அரை நூற்றாண்டுக்குப் பிறகேனும் உலகம் அவர் கட்டுரையைத் தேடி எடுத்துப் பயன் கொண்டது. எழுதி வைத்தல், அளந்து பார்த்தல், பிறர் சோதிக்க இடங்கொடுத்தல் ஆகிய மூன்றையும் நம் மாணவர்க்குக் கற்பித்தால், முன்னோர் பெருமை பேச்சோடு நில்லாது.

தமிழாசிரியர் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. வகுப்பில் சுசுருதரைச் சொல்லுங்கள்; பரணரின் சிரல் பறவையையும் சொல்லுங்கள். கூடவே ஒரு கத்தக்காம்புத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஜப்பானிலிருந்து வராத அதற்கு ஜப்பான் மண் என்று பெயர் வந்த கதையையும், உண்மையில் ஜப்பானிலிருந்து வந்த மருந்தின் கதையையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். எவர், எப்போது, எதுவரை கண்டார் என்று பிரித்துச் சொல்லப் பழகிய மாணவன் எந்த முழக்கத்திற்கும் ஏமாற மாட்டான்.

என் அட்டையைக் கழற்றிவிட்டேன். புதியதில் தலைப்பு ‘குருதியை எப்படி நிறுத்தினார்கள்?’ என்பது. அதன் கீழே நான்கு பெட்டிகள்: துவர்ப்பு, ஊசி நூல், ஆட்ரினலின், டிரானெக்சாமிக் அமிலம். ஒவ்வொன்றிலும் ஆண்டு தெரிந்த இடத்தில் ஆண்டும், பெயர் தெரிந்த இடத்தில் பெயரும் உண்டு. முதற்பெட்டியில், பூனாவுக்கு அருகே என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில், பெயர் எழுத வேண்டிய இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். அடுத்த விழாவுக்கு டிரசர் பெரியவரை அழைத்திருக்கிறேன். அவர் வேறு என்ன கேட்பாரோ!